கொட்டாய் மனையும் ரோட்டு மனையும்

வங்கி ஏலத்துக்கு வரும் வீடு, மனைகளைத் தேடிப் பார்த்து வாங்கி விற்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. போன மாதம் கோட்டக்குப்பத்து அலுவலகத்தின் சாவியை, என்னிடம் வேலை பார்த்த நஸ்ரினிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு வந்துவிட்டேன். இனி வரப்பு ஏற முடியாது என்று முழங்கால் சொல்லிவிட்டது. அதனோடு வாதாட முடியாது.

நஸ்ரின் கெட்டிக்காரி. ஏல அறிவிப்பு வந்த பத்தாவது நிமிடத்தில் வில்லங்கச் சான்று, பட்டா, வானத்திலிருந்து எடுத்த படம் என்று எல்லாவற்றையும் கைப்பேசியில் இறக்கிவிடுவாள். அன்று சாவியை வாங்கிக்கொண்டு, "இதுக்கெல்லாமா மாமா நீங்க பஸ் ஏறிப் போய் வெயில்ல நின்னீங்க?" என்று கேட்டாள். பரிதாபப்பட்டுத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அங்கேயே பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

துபாயில் பன்னிரண்டு வருடம் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். சரக்கை எண்ணுவதுதான் வேலை. கம்ப்யூட்டரில் நாற்பது பெட்டி என்று இருந்தால், அலமாரிக்குப் போய் நாற்பதையும் தொட்டு எண்ண வேண்டும். 2004இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில், கையில் கொஞ்சம் சேமிப்போடு ஊர் வந்து சேர்ந்தேன். செல்போன் கடை வை என்றான் தம்பி. டிராவல்ஸ் வை என்றார் மாமனார். நான் ஒரு நாள் பேப்பரில் ஏல விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதிலேயே விழுந்துவிட்டேன். கடன் கட்டாதவர்களின் அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமல் வங்கியே விற்கலாம் என்று சட்டம் வந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. சந்தையை விட மலிவாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

என் மனைவி மெஹருன்னிசா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஒருத்தர் அழுதுக்குனு எறங்கின வூட்ல நாம சிரிச்சிக்குனு ஏறணுமா?" பதில் தெரியாததால், "உனக்கு வியாபாரம் புரியாது" என்று சொல்லிவிட்டேன். பதில் இல்லாத கணவன்மார்கள் எல்லோரும் சொல்வதுதான்.

திண்டிவனத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் வக்கீல் ஹேமலதா இருந்தார். சொத்துப் பத்திரங்களைப் பார்த்துச் சரியா தவறா என்று எழுதிக் கொடுப்பதில் பேர் வாங்கியவர். வயது முப்பத்தொன்று. என்னைவிடப் பதினோரு வயது சின்னவர், ஆனால் முதல் நாளிலிருந்தே எனக்கு மேலதிகாரி அவர்தான். அவருடைய வேலைகளுக்கு இடம் பார்க்க நான் அலைவது, என்னுடைய சொத்து ஆராய்ச்சிக்கு அவர் காகிதம் பார்ப்பது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். சம்பளம் கிடையாது.

மேடம் எல்லோரையும் "சார்" என்பார். டீ கொண்டுவருபவரும் சார், பிச்சை கேட்டு வருபவரும் சார். கோபம் வந்தால் குரல் உயராது, சார் கூடும். ஒரே பேச்சில் மூன்று சார் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவது நல்லது. பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். சொத்தின் நான்கு எல்லைகளும் எழுதியிருக்கும் பக்கம் அது. "மொதல்ல எங்க இருக்குதுன்னு தெரியட்டும் சார். யாருதுன்னு அப்புறம் பார்க்கலாம்" என்பார். அந்தப் பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. "ரோட்டுக்குக் கிழக்கு" என்று எழுதியிருந்தால் சொத்துக்குக் கிழக்கே ரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மூன்று மனைகளைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு வந்தேன். ரோட்டுக்குக் கிழக்கே சொத்து இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள்.

இடம் பார்த்து வந்ததும் ஒரு நோட்டில் மூன்று பத்தி பிரித்து எழுத வேண்டும். பார்த்தது, கேட்டது, நினைத்தது. ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதினால் நோட்டு திரும்பி வரும். அக்கம்பக்கத்தில் குறைந்தது இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும், அதில் ஒருவர் சொத்துக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிப்பது எந்த ஊரிலும் கஷ்டமாக இருந்ததில்லை.

முதல் ஒன்றரை வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொம்மையார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டைப் பார்த்து மயங்கினேன். மாடிக்குப் போகும் படிக்கட்டு பக்கத்து மனையில் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. விட்டுவிட்டேன். இடையஞ்சாவடியில் முந்திரி மரங்களோடு ஒரு துண்டு நிலம். டெண்டர் போட்டேன், கொஞ்சத்தில் கைநழுவியது. நடுவில் சுனாமி வந்தது. அதன் பிறகு பல மாதங்கள் கடலோரத்து நிலம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பயம் தெளிந்ததும் ரோட்டோர மனைகளுக்கு விலை எகிறத் தொடங்கியது. எல்லோரும் வாங்கினார்கள், நான் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மாமனார் மறுபடியும் டிராவல்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

2005 டிசம்பரில் அந்த விளம்பரம் வந்தது. மரக்காணத்துப் பக்கம் உப்பளத்தை ஒட்டிய ஓர் ஊரில் பன்னிரண்டு சென்ட் மனை. ஊர்ப்பேர் வேண்டாம். கடன்காரர் தனசேகர், உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். சீசன் நடுவில் பெய்த மழையில் அம்பாரம் அம்பாரமாக உப்பு கரைந்துபோய்க் கடனில் விழுந்தவர். வங்கி ஊழியர் ஒருவர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் ரோட்டோரம் நிறுத்தி, "அதோ தெரியுது பாருங்க, உப்புக் கொட்டாய். அதான் சொத்து" என்று கை காட்டினார். மழைக்காலம். பாத்தி எது வாய்க்கால் எது என்று தெரியாமல் அடிவானம் வரை ஒரே தண்ணீர். ரோட்டோரம் ஒரு வீடு, அதன் பின்னால் நூறடி தள்ளி, தண்ணீருக்கு நடுவே மேட்டில், உப்பைக் கொட்டி வைக்கும் அந்தக் கொட்டாய். சுவரில் வங்கியின் அறிவிப்பு வெள்ளையாகத் தெரிந்தது. விலை எனக்குக் கட்டுப்படியாகும். முன்பணத்துக்கு டிடி எடுத்துக் கட்டிவிட்டேன். நோட்டில் 'பார்த்தது' என்ற பத்தியில் 'உப்புக் கொட்டாய், நல்ல நிலை' என்று எழுதினேன்.

மேடம் நோட்டைப் பார்த்தார். "கிட்ட போனீங்களா சார்?"

"ஒரே தண்ணி மேடம்."

"அப்ப கொட்டாயைப் பார்த்தீங்க சார். அதுதான் சொத்துன்னு கேட்டீங்க சார். தண்ணி வடிஞ்சதும் போய்ட்டு வாங்க சார்."

எண்ணிக்கொண்டேன். மூன்று. எழுந்து நின்றேன்.

பொங்கல் கழித்துத் தண்ணீர் வடிந்தது. பாத்தி மிதித்துச் சமன் செய்யும் வேலை தொடங்கியிருந்தது. தாலுகா ஆபீஸில் வாங்கிய புலப்படத்தையும் நூறடி டேப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் பஸ்ஸில் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன். ரோட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு என்று இருந்தது. வாய்க்கால் என்ற சொல்லே அதில் இல்லை. உறுத்தியது. கொட்டாயின் பின்சுவரை உரசிக்கொண்டு வாய்க்கால் ஓடுகிறது என்று வங்கி ஊழியர் அன்றே சொல்லியிருந்தார். உப்புக்காரர்களுக்குக் கடல்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். இந்த ஊரில் எவனும் அதை எல்லையாக எழுத மறக்க மாட்டான்.

புலப்படத்தில் அந்த நிலம் ரோட்டிலிருந்து வாய்க்கால் வரை நீண்டு, நடுவில் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேற்குப் பாதி ரோட்டைத் தொட்டது, கிழக்குப் பாதி வாய்க்காலைத் தொட்டது. அடமானத்தில் இருந்தது மேற்குப் பாதி. அளவுக்கல்லைத் தேடினேன். ரோட்டோர வீட்டின் வேலி மூலையில் இருந்தது, அதில் ஒரு ஆடு கட்டியிருந்தது. டேப்பைப் பிடித்து இரண்டு முறை அளந்தேன். சந்தேகமே இல்லை. வங்கி எனக்குக் காட்டியது கிழக்கே இருக்கும் கொட்டாயை. விற்கப்போவதோ மேற்கே இருக்கும் மனையை. அந்த மனையில் ஓர் ஓட்டு வீடு, ஒரு முருங்கை மரம், இந்த ஆடு.

வீட்டுக்காரி வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், உப்பு வாரிக் காய்த்துப்போன கைகள். "இன்னா பாய், கவுருமெண்ட்டா? ரோடு அகலப்படுத்தறாங்களா?"

"இல்லம்மா. சும்மா எடம் பாக்க வந்தேன். உங்க வூடா?"

"பின்ன?" என்றார். அவர்தான் சரோஜா அக்கா. கணவர் இல்லை, மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார். எந்த வங்கியிலும் கடன் வாங்கியதில்லை. பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். மாமியார் அவர் பேருக்கு எழுதிவைத்த செட்டில்மெண்ட். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். 'வாய்க்காலுக்கு மேற்கு' என்று இருந்தது. கொட்டாய் நிற்கும் மனைக்குக் காகிதப்படி சொந்தக்காரர் சரோஜா அக்கா. சரோஜா அக்காவின் வீடு நிற்கும் மனைக்குக் காகிதப்படி சொந்தக்காரர் தனசேகர்.

"இந்த எடம் எப்பவாவது மாத்திக்கினீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. தனசேகரோட அப்பாவுக்கு உப்பு கொட்ட வாய்க்காலோரம் வேணும்னாரு. எங்க மாமியாருக்கு பஸ்ஸுக்குக் கிட்ட வூடு வேணும்னாங்க. வெத்தலபாக்கு மாத்திக்கினு எடத்த மாத்திக்கினாங்க. ஏன், அதுல இன்னா?"

"பதிவு பண்ணலையா?"

"சீசன்ல பாத்திய வுட்டுட்டு எவன் பாய் ஆபீஸுக்குப் போவான்? ஒரு நாள் போனா உப்பு கெட்டுப்பூடும். மழை வந்ததும் மறந்துட்டாங்க."

அந்த ஊரில் வேறு யார் பேச்சைக் கேட்டாலும் இது தவறாகவே தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் பாயும் முறையையே வாய்ச்சொல்லில் வைத்துக்கொண்டு, ஒரு நாளும் அதில் பிசகாத ஜனங்கள். வாய்ச்சொல்லுக்கு மேல் காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டார்கள். நான் அன்று அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பத்திரத்தின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, ஆட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

அக்காவின் பத்திரத்துக்குப் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கி, மேடம் இரண்டு பத்திரத்தையும் புலப்படத்தையும் மேசையில் பரப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"சட்டப்படி உங்களுக்கு லாபம் சார். பெரிய லாபம். மத்தவங்க எல்லாம் கொட்டாய்னு நெனச்சி கொட்டாய் விலைதான் போடுவாங்க. ஏலம் முடிஞ்சி வங்கி குடுக்கற சேல் சர்ட்டிபிகேட்ல வரப்போறது ரோட்டு மனை. இன்னைக்கு ரோட்டு மனை இன்னா விலை போவுதுன்னு உங்களுக்கே தெரியும்."

"அந்தம்மா?"

"கேஸ் போடலாம். இத்தன வருஷ அனுபவம் இருக்குது, ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். பத்து வருஷம் ஆவும். அதுவரைக்கும் தாங்குவாங்களான்னு தெரியாது." நல்லது கெட்டது என்று எதுவும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இரண்டு நாள் எனக்கு அந்த லாபம் இனித்தது. அந்த விலையில் மகள் கல்யாணத்தை முடித்தேன், மாமனார் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன், எல்லாம் மனதுக்குள். சட்டம் தப்பு என்று சொல்லாததை நான் ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே வக்கீலாகவும் வாதாடிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் சவரம் செய்துகொண்டிருந்தபோது பழைய கிடங்கு நினைவுக்கு வந்தது. சரக்கு எண்ணும்போது குறைந்தால் திட்டு விழும், அவ்வளவுதான். ஆனால் அதிகமாக வந்தால்தான் நாங்கள் பயப்படுவோம். கணக்கில் இல்லாத பெட்டி அலமாரியில் இருக்கிறது என்றால் அது வேறு யாரோ ஒருவருடைய பெட்டி. அவர் அதைத் தேடிக்கொண்டு எங்கோ அழுதுகொண்டிருப்பார். பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒரு பெட்டியைக்கூட நான் எங்கள் கணக்கில் ஏற்றியதில்லை. பாதி முகத்தில் சோப்போடு மெஹருன்னிசாவைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். "இதுக்கு ரெண்டு நாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அன்றே போய்ச் சரோஜா அக்காவிடம் சொன்னேன். காகிதத்தை விரித்து, விரல் வைத்துக் காட்டி, ஏலம் நடந்தால் அவர் வீடுதான் போகும் என்று சொன்னேன். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, "அதான் ஒரு மாசமா அவன் இந்தப் பக்கம் வர்றதில்லையா?" என்றார்.

தனசேகர் தினமும் காலையில் அவர் வீட்டோரம் போகும் வண்டிப்பாதையில்தான் கொட்டாய்க்குப் போவாராம். போகும்போது ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பாராம். இப்போது ஒரு மாதமாக வரப்பு மேல் சுற்றிப் போகிறார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திப் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

பாத்தியில் மண் மிதித்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாற்பது வயது மனிதர், தலை குனிந்து நின்றது பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"ஏம்பா தனசேகரு, தெரியுமா தெரியாதா உனக்கு?"

"தெரியும்க்கா. நோட்டீஸ் வந்தப்பதான் பத்திரத்தைப் படிச்சேன்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"கொட்டா நின்னாக்கா இந்த சீசன்ல நிமிந்துடுவேன். அப்புறம் உனக்கு எப்படியாவது ஒரு வூடு கட்டிக் குடுத்துடலாம்னு..." மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. இரண்டு நாள் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தவன்தானே நானும்.

"உன் கொட்டா உன்னுது, என் வூடு என்னுது. எழுதாம வுட்டத இப்ப எழுதுவோம், வா" என்றார் அக்கா.

பரிவர்த்தனைப் பத்திரம் ஒன்று பதிவு செய்தால் காகிதமும் நிலமும் ஒத்துப்போகும். ரோட்டு மனை அக்காவுக்கு, கொட்டாய் மனை தனசேகருக்கு. ஆனால் மனை அடமானத்தில் இருப்பதால் வங்கி சம்மதிக்க வேண்டும். மேடத்தோடு வங்கிக்குப் போனேன். ஏலத்துக்குப் பொறுப்பான அதிகாரி விளம்பரத்தில் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார். "உள்ளது உள்ளபடின்னு போட்டிருக்கோம் பாருங்க. வாங்கறவங்க பாடு அது."

மேடம் குரல் தேனாக இருந்தது. "உங்க ஆய்வறிக்கையில கொட்டாய்னு எழுதியிருக்குது சார். அடமானப் பத்திரத்துல கொட்டாயே இல்ல சார். நாளைக்கு கோர்ட்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா யார் சார் பதில் சொல்றது? நீங்களா சார், நானா சார்?"

ஐந்து. அதிகாரி தானாகவே எழுந்து நின்றுவிட்டார். நல்ல மனிதர்தான், சொத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவரின் இடத்துக்கு மாற்றலாகி வந்து மாட்டிக்கொண்டவர். மறுநாள் எங்களோடு வந்து வெயிலில் நின்று, டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்தார். மாத முடிவுக்குள் இருவரும் பதிவு செய்தால் வங்கி சம்மதக் கடிதம் தரும், அடமானத்தைக் கொட்டாய் மனைக்கு மாற்றி எழுதிப் புதிதாக ஏலம் விடும். செய்யாவிட்டால் பழைய ஏலம் பழையபடி நடக்கும் என்றார்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது, மரக்காணம் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுபவரின் பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மேடம் வரைவைப் படித்துக் காட்டினார். பேனாவைக் கையில் வாங்கிய தனசேகர் கையெழுத்துப் போடவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா?" என்றார் அக்கா.

"ஏமாத்தணும்னு இல்லக்கா. கொட்டா மனைக்கு ரோட்டுலேந்து பாதை கெடையாது. உன் எடத்து வழியாத்தான் போவணும். பாதை இல்லாத மனைய எவன் வாங்குவான்? அடிமாட்டு விலைக்குப் போவும். மிச்சக் கடனுக்கு வூட்டையும் மாட்டையும் புடிப்பாங்க. புள்ளைங்கள இட்டுக்குனு நான் எங்க போவேன்?"

அவர் சொன்னது உண்மை. இத்தனை பேர் இத்தனை முறை அளந்தும் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. காகிதம் சரியாக வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்துவிட்டோம். மேடம் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அக்காவிடம் போய் உன் மனையில் கொஞ்சம் விட்டுக்கொடு என்று கேட்க யாருக்கு வாய் வரும்? பிறத்தியார் கடனுக்குத் தன் வீடே போக இருந்தவர் அவர்.

அக்காவுக்கு எங்கள் மௌனம்தான் புரியவில்லை. "வண்டிப்பாதைதான் இருக்குதே. அதையும் எழுதிட வேண்டியதுதானே?"

"எழுதிட்டா அப்புறம் எப்பவும் மறிக்க முடியாதும்மா" என்றார் மேடம். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நாளைக்கு எடத்த வித்தாலும் பாதை பாதைதான். ரோட்டோரத்துல அவ்வளவு எடம் இன்னைக்கு நெறைய விலை போவும். உங்களுக்குத்தான் நஷ்டம். நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? உப்பு பறந்தா வரும்?"

பத்திரம் எழுதுபவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எத்தனை அடின்னு போடட்டும்?"

"அடி எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு வண்டி எதிரும் புதிருமா வந்தா ஒதுங்கிப் போவணும். அதுக்கு எத்தனையோ அத எழுதுங்க."

தனசேகர் கையெழுத்துப் போட்டார். உள்ளே சார்பதிவாளர், யாராவது வற்புறுத்தினார்களா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நான்தான் வற்புறுத்தினேன்" என்றார் அக்கா. சார்பதிவாளர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

இரண்டாவது ஏலத்தில் நாலு பேர் டெண்டர் போட்டோம். பதினெட்டு அடிப் பாதையோடு, வாய்க்காலோரம் மேட்டு மனை என்று விளம்பரம் வந்ததில் விலை ஏறித்தான் போனது. நான் நினைத்ததைவிட அதிகம் கொடுத்துத்தான் எடுத்தேன். லாபம் என்று பார்த்தால் முதல் சொத்தில் எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தனசேகரின் கடன் முழுதாக அடைந்தது. மேடம் தன் கூலியாக ஒரு மூட்டை உப்பு கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எத்தனையோ சொத்து வாங்கியிருக்கிறேன், சிலவற்றில் நன்றாகவே சம்பாதித்தேன். ஆனால் நஸ்ரின், வானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த இரண்டு மனையும் சரியாகத்தான் தெரியும். ஒரு வீடு, ஒரு கொட்டாய், நடுவில் வேலி. யாருடைய காகிதம் யாருடைய காலடியில் இருக்கிறது என்று அதில் தெரியாது. ஏலம் எடுப்பது பாவமா என்று என்னை யார் கேட்டாலும், நேரில் போய்ப் பார்க்காமல் எடுப்பதுதான் பாவம் என்று சொல்வேன்.

சேல் சர்ட்டிபிகேட் கைக்கு வந்த வாரம், சொத்துக்காரனாக முதல் முறை அங்கே போனேன். சீசன் உச்சத்தில் இருந்தது. பாத்தியெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. கொட்டாயை வாடகைக்குத் தர முடியுமா என்று தனசேகர் கேட்டார், உப்பு கொட்ட வேறு மேடு கிடையாதே. தரலாம் என்றேன். எனக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்று வீட்டிலேயே ஒரு தொகையை முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது, ஆட்டுக்கு முருங்கைத் தழை ஒடித்துக்கொண்டிருந்த சரோஜா அக்கா திரும்பிப் பார்த்தார்.

"பாய், பாதைய நான் சும்மா குடுத்தேன். நீங்க வாடகைய பாத்து சொல்லுங்க."

மனதில் இருந்ததில் பாதியைச் சொன்னேன். தனசேகர் சரி என்று சொல்லவில்லை, அக்காவைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த தழையை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். அதற்கப்புறம்தான் தனசேகர் தலையாட்டினார்.